பட்டைத் துணிக் கட்டம்: ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்குவோருக்கு



தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, உத்தியோகம் காரணமாகவோ வியாபாரம் காரணமாகவோ டில்லி, லக்னோ, போபால், பாட்னா முதலிய நகரங்களில் குடியேறியவர்களுக்கு, முதற் குளிர்காலத்தில் அறிமுகமாகும் பொருள்களுள் தலையாயது ரஜாய். ஊரில் மார்கழிப் பனிக்கு ஒரு பருத்திப் போர்வையோ, நான்காக மடித்த பழைய சேலையோ போதுமானதாக இருந்தது. இங்கே தீபாவளி கழிந்து சில வாரங்கள் ஆவதற்குள், பஞ்சு அடைத்த கனமான போர்வையின்றி இரவைக் கழிக்க இயலாது என்பது விளங்கிவிடுகிறது. கடைக்குச் சென்று ஒன்று வாங்கி வருகிறோம். அடுத்த ஆண்டு குழந்தைக்கு ஒன்று. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் மேலும் இரண்டு. இவ்வாறு வாங்கிக்கொண்டே இருக்கும் அதே வீட்டில், கட்டிலுக்கடியில் உள்ள தகரப் பெட்டி நிறையப் பழைய நூற்சேலைகள் கிடக்கின்றன. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் குரல் கொடுக்கும்பொழுது அவற்றுள் சில வெளியே போகின்றன. சிலவற்றைப் போடவும் மனம் வருவதில்லை, உடுத்தவும் முடிவதில்லை.

அத்தகைய சேலைகளை வெட்டிப் பட்டைகளாக்கி, பட்டைகளை மூட்டிச் சதுரக் கட்டங்களாக்கி, கட்டங்களைச் சேர்த்துப் போர்வையின் மேற்பரப்பை அமைக்கும் எளிய முறையொன்றை இன்று விளக்கக் கருதுகிறேன். தையல் இயந்திரத்தில் நேராக ஒரு தையல் போடத் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம். எம்ப்ராய்டரி முதலிய நுண்கலைப் பயிற்சி தேவையில்லை.

இப்பொருளுக்குத் தமிழில் ஒரு சொல் காண்பதே சற்றுச் சிரமந்தான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. இந்தியில் பஞ்சு அடைத்ததை ரஜாய் என்றும் லிஹாஃப் என்றும் சொல்கிறார்கள். பழந்துணிகளை ஒட்டித் தைத்தது குதடி. மராத்தியில் அதுவே கோதடி, கன்னடத்தில் கௌதி, பீகாரில் சுஜனி, கச்சிலும் மேற்கு ராஜஸ்தானத்திலும் ரல்லி, வங்காளத்தில் காந்தா. இக்காந்தா என்பது வடமொழியில் கந்தா எனப்படும் சொல்லே. அதே சொல்தான் தமிழில் கந்தையாக வழங்குகிறது. வங்காளத்தில் அது பரம்பரையாகப் பாதுகாக்கும் கலைப்பொருளைக் குறிக்க, நம்மிடம் வெறுங் கிழிசலைக் குறிப்பதோடு நின்றுவிட்டது. குளிர் இல்லாத நாட்டில் கந்தையைப் போர்வையாக்க வேண்டிய அவசியம் நேரவில்லை போலும். இவ்வுரையில் ஒட்டுப்போர்வை என்ற சொல்லை ஆள்கிறேன்.

வங்காளத்துக் காந்தாவிலும் பீகாரின் சுஜனியிலும் பழைய சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத்தையலால் பிணைப்பார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே காந்தாவுக்குத் தையல் நூலாகப் பயன்பட்டது. சுஜனி பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்காகத் தைக்கப்பட்டு வந்தது. எங்கள் குடியிருப்பில் வசித்த தர்பங்கா மூதாட்டி ஒருவர், பெட்டி நிறைய இருந்த எங்கள் சேலைகளைக் கண்டு, "இத்தனையும் வைத்துக்கொண்டா குழந்தைக்குப் போர்வையைக் கடையில் வாங்குகிறீர்கள்?" என்று வியப்புடன் கேட்டது நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளை அடுத்து வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய கவந்தி என்னும் போர்வையில் துண்டுகளை வெளியோரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வார்கள். அளவுகோலும் இல்லை, கணக்கும் இல்லை. கண்ணும் கையுமே அளவு. பார்க்க மிக அழகானவை. ஆயினும் முதன்முதலாக ஊசி எடுப்பவருக்கு அம்முறையை நான் சொல்ல மாட்டேன். அது பழகிய கைக்கு உரியது.

தொடங்குவோருக்கு ஏற்றது பட்டை முறை. இதன் தத்துவம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: சிறு துண்டுகளாக வெட்டிப் பின் தைப்பதற்குப் பதிலாக, நீண்ட பட்டைகளை முதலில் தைத்துவிட்டு, தைத்ததைப் பின்னர் வெட்டவேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் செமினோல் பழங்குடிப் பெண்கள் கையால் சுழற்றும் தையல் இயந்திரம் தங்களிடம் வந்தபின் இவ்வழியைக் கையாண்டு, பட்டைகளை மூட்டி, குறுக்கே வெட்டி, இடம் மாற்றி மீண்டும் மூட்டி, மிக நுண்ணிய வண்ணக் கோலங்களை ஆடைகளில் அமைத்தார்கள். அவ்வளவு நுட்பம் நமக்கு இப்போது வேண்டியதில்லை. அவர்கள் கண்டறிந்த சிக்கனம் மட்டும் போதும். மூன்று நிறத்தில் 48 சதுரங்கள் வேண்டுமென்றால், துண்டு துண்டாக வெட்டுவோருக்கு 144 சிறு துண்டுகளை வெட்டி, 96 சிறு தையல்கள் போடவேண்டி வரும். பட்டை முறையிலோ 24 பட்டைகளும் 16 நெடுந்தையல்களுமே.

இனித் துணியைப் பற்றிச் சொல்கிறேன். நூற்சேலையோடு நூற்சேலைதான் சேரவேண்டும். பட்டு வழுக்கும். பாலியெஸ்டர் கலந்த துணி இஸ்திரிச் சூட்டில் சுருங்கிவிடும். அதன் விறைப்புக்கு இணையாகப் பழைய பருத்தி நிற்காது, ஓரிரண்டு வருஷங்களில் தையலோரம் பிய்ந்துபோகும். எடுக்கும் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழும் இடத்தில் இழை தேய்ந்து, வலைபோல் வெளிச்சம் தெரியும். அப்பகுதி ஆகாது. முந்தானையை அடுத்த பகுதியும், இடுப்பில் செருகப்படும் உள்முனையும் பெரும்பாலும் வலுவாகவே இருக்கும். இரண்டு கைகளாலும் பற்றிச் சற்று வலுவாக இழுத்தால், நைந்த துணி உடனே தன்னை வெளிப்படுத்திவிடும்.

சாயம் விடுமா என்பதையும் சோதித்தாக வேண்டும். சுங்குடிச் சேலையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் எத்தனை முறை துவைத்தவை என்பது நமக்குத் தெரியும். புதுத் துணி வாங்கிச் சேர்ப்பதானால்தான் எச்சரிக்கை வேண்டும். சாயம் விடும் மெட்ராஸ் கட்டத் துணியை அமெரிக்கர்கள் 1960-களில் அதன் சாயம் விடும் குணத்துக்காகவே விரும்பி வாங்கியதுண்டு. வெள்ளைப் பட்டையை அடுத்துச் சிவப்பு வைக்கும் நமக்கு அந்த ரசனை உதவாது. நனைத்த துணியின் மேல் வெள்ளைத் துணியொன்றை வைத்து அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

துவைத்த சேலைக்குக் கஞ்சி போடுங்கள். இது நம் வீடுகளில் யாருக்கும் கற்பிக்கவேண்டிய வித்தையன்று. பல ஆண்டுகள் உடுத்திய பருத்தி குழைந்து, கத்தரியின் வாயில் நெளியும். ஊசியின் கீழ் இழுபடும். அரிசிக் கஞ்சியில் தோய்த்து உலர்த்தி, லேசாக நீர் தெளித்து இஸ்திரி போட்டால் காகிதம்போல் நிற்கும். கோடு கோடாக நிற்கும். தொடங்குவோர் படும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு கைங்கரியத்தால் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. போர்வை தைத்து முடிந்ததும் அதைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். இல்லையேல் பெட்டியில் பூச்சி அரிக்கும்.

நிறம் மூன்று போதும்: ஒன்று அடர்ந்தது, ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிர். நிறங்களின் பொருத்தம் பற்றிப் பலர் மிகையாகக் கவலைப்படுகிறார்கள். அரக்கும் மஞ்சளும் சந்தன நிறமும், அல்லது கருநீலமும் பச்சையும் வெள்ளையும், எதுவாயினும் சரி. அடர்த்தியில் வேறுபாடு தெளிவாக இருந்தால் கோலம் தெளிவாகத் தெரியும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஒன்றாகத் தோன்றினால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பட்டை ஒவ்வொன்றும் 2½ அங்குல அகலம், 40 அங்குல நீளம். இரண்டு பட்டைகளை மூட்டும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் ¼ அங்குலம் தையலுக்குப் போய்விடும். மூன்று பட்டைகளின் மொத்த அகலம் 7½ அங்குலம். தையல் இரண்டு, தையலுக்கு அரை அங்குலம் வீதம் ஓர் அங்குலம் கழிய, எஞ்சுவது 6½. இவ்வாறு மூட்டிய 40 அங்குல நீளத்தை 6½ அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் ஆறு சதுரங்கள் கிடைத்து, ஓர் அங்குலம் மிஞ்சும். சதுரங்களை ஒன்றோடொன்று சேர்க்கையில் நான்கு பக்கமும் மீண்டும் ¼ அங்குலம் உள்ளே போவதால், போர்வையில் ஒவ்வொரு கட்டமும் 6 அங்குலமாக நிற்கும். அகலத்தில் 6, நீளத்தில் 8 என 48 கட்டங்கள் சேர்ந்தால், 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள குழந்தைப் போர்வை ஆகும். அதற்கு வேண்டிய மூன்று பட்டைத் தொகுதிகள் எட்டு. நிறத்துக்கு எட்டுப் பட்டைகள். அதாவது ஒவ்வொரு நிறத்திலும் 20 அங்குலத் துணி. கோணலுக்கும் ஓரத்துக்குமாக 22 அங்குலம் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு 60-க்கு 90 அங்குலம் வேண்டுமென்றால் கட்டங்கள் 150, தொகுதிகள் 25. அப்போதும் நிறத்துக்கு இரண்டு கெஜத்துக்கு உட்பட்ட துணியே செல்லும்.

இந்தக் கணக்கை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டியில் உள்ள சேலைகளுள் சில, இறந்துபோன தாயாருடையவையாகவோ பாட்டியாருடையவையாகவோ இருக்கும். அவற்றின்மேல் கத்தரி வைக்க எவருக்கும் கை நடுங்கும். வெட்டாமல் வைத்திருப்பதே மரியாதை என்று தோன்றும். ஆனால் மடித்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பருத்தித் துணி மடிப்புகளிலேயே இற்றுப்போகிறது. இடமாற்றத்துக்கு இடமாற்றம் பெட்டியோடு ஊர் ஊராகச் சென்று, ஒருநாள் விரித்துப் பார்க்கும்போது கோடு கோடாகப் பிளந்திருக்கும். மடித்து வைத்தல் காப்பாற்றுதல் ஆகாது. மேலும், ஆறு கெஜச் சேலை 216 அங்குலம். நமக்கு வேண்டியதோ 22 அங்குலம். அதையும் உள்முனையிலிருந்து எடுத்தால் முந்தானையும் உடலும் குலையாமல் இருக்கும். நாகபுரியில் ஒருவர், மும்பையில் ஒருவர், கல்கத்தாவில் ஒருவர், ஊரில் ஒருவர் என நான்கு உடன்பிறப்புகள் இருந்தால், நால்வருக்கும் பங்கிட்டாலும் 88 அங்குலம். சேலையில் பாதிகூட ஆகவில்லை. ஊரைக் கண்டிராத பேரக்குழந்தை ஒன்று அப்பாட்டியாரின் சேலையைப் போர்த்தி உறங்குவதற்கு, இரண்டு சாணுக்குச் சற்று அதிகமான துணியை ஈவதில் தவறில்லை என்றே நான் எண்ணுகிறேன். எனினும் முதற் போர்வையை அச்சேலையில் தொடங்க வேண்டாம். நினைவு எதுவும் ஒட்டாத சாதாரணத் துணியில் ஒரு தொகுதியாவது தைத்து, கை பழகியபின் அதை எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் நேர் இழையைக் கண்டுகொள்ள வேண்டும். சேலையின் குறுக்கே ஓர் இழையைப் பற்றி மெல்ல உருவினால், துணியில் ஒரு மெல்லிய கோடு விழும். அதுவே நேர். அந்தக் கோட்டின்மேல் வெட்டி ஓரத்தைச் சரிசெய்தபின், இரு பக்கக் கரைகளையும் நீக்கி அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது. 46 அங்குல அகலச் சேலையில் பக்கத்துக்கு 3 அங்குலக் கரை போக 40 அங்குலம் கிடைக்கும். கரை இன்னும் அகலமாயின் தொகுதிக்கு ஐந்து கட்டங்களே வரும். ஒன்றிரண்டு தொகுதிகள் அதிகமாகத் தைத்துக்கொள்ளலாம். பட்டையைக் கிழித்தெடுக்கும் வழக்கமும் உண்டு. கிழிந்த துணி இழை பிசகாமல் நேராக வரும். ஆனால் ஓரம் இழுபட்டு நெளிந்துவிடும். ஆகையால் 2¾ அங்குலமாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, 2½-க்குக் கத்தரித்துக்கொள்வது நலம். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனத்தார் வெளியிட்ட சுழல் கத்தி இந்த வேலையை மிக எளிதாக்கிவிட்டது; சிறு சக்கரம்போன்ற கத்தியை அளவுகோலின் ஓரமாக உருட்டினால், நான்கு மடிப்புத் துணியும் ஒரே இழுப்பில் வெட்டுப்படும். ஆயினும் அதற்கென்று ஒரு விரிப்பும் கனத்த அளவுகோலும் வாங்கவேண்டும். ஒரு போர்வைக்காக அச்செலவு வேண்டியதில்லை. கூரான கத்தரியும் தையற்காரர் சுண்ணக்கட்டியும் போதும்.

தையலில்தான் இக்கலையின் உயிர்நிலை இருக்கிறது. அடர்ந்த நிறப் பட்டையையும் நடுத்தர நிறப் பட்டையையும் முகத்தோடு முகம் சேர வைத்து, நீள ஓரத்தில் ¼ அங்குலம் விட்டு நெடுகத் தையுங்கள். பின்னர் நடுத்தரத்தின் மறு ஓரத்தில் வெளிர் பட்டையை அவ்வாறே மூட்டுங்கள். கைலியை மூட்டத் தெரிந்தவருக்கு இதில் புதியது எதுவும் இல்லை, அந்த ¼ அங்குலத்தைத் தவிர. வீடுகளில் உள்ள சாதாரண மிதி இயந்திரத்தில், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து சரியாக ¼ அங்குலத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அளவுநாடாவை ஊசியின் கீழ் வைத்து, ஊசியை மெல்ல இறக்கி, அங்கிருந்து வலப்புறம் ¼ அங்குலத்தை அளந்து, அந்த இடத்தில் இயந்திரத்தின் தட்டின்மேல் ஒட்டுநாடா ஒன்றை நேராக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த நாடாவைத் தொட்டுக்கொண்டே செல்லட்டும். கண் ஊசியைப் பார்க்க வேண்டாம், நாடாவைப் பார்க்கட்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்கலாம். அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு ஒப்பித்த தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடனே விளங்கும். தையல் மாகாணி அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத பிழை. ஆனால் ஒரு தையலில் இரண்டு பட்டைகள் சேர்கின்றன, ஆகவே இழப்பு அரைக்கால் அங்குலம். தொகுதியில் இரண்டு தையல்கள், ஆகவே கால் அங்குலம். 6½ இருக்கவேண்டிய அகலம் 6¼ ஆகிவிட்டது. இதை அறியாமல் கணக்குப்படி 6½ அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால், கிடைப்பது சதுரமன்று. ஒரு பக்கம் 6¼, மறு பக்கம் 6½. ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்துச் சேர்க்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் கால் அங்குலம் உதைக்கும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை முழுவதும் சுருக்கம் விழும். பலர் பாதியில் கைவிடுவது இந்த இடத்தில்தான். தங்களுக்குத் தையல் வராது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

உண்மையில் பட்டை முறையின் மேன்மையே இந்தப் பிழையை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மைதான். தைத்து முடித்தபின், வெட்டுவதற்கு முன், தொகுதியின் அகலத்தை அளந்து பாருங்கள். 6½ இருந்தால் 6½-க்கு வெட்டுங்கள். 6¼ இருந்தால் 6¼-க்கு வெட்டுங்கள். எட்டுத் தொகுதிகளும் வெவ்வேறாக வந்தால், மிகக் குறுகியதன் அகலத்தை எல்லாவற்றுக்கும் அளவாகக் கொண்டு, மற்றவற்றின் வெளியோரத்தைச் சிறிது கத்தரித்துவிடுங்கள். போர்வையின் அகலம் 36-க்குப் பதிலாக 34½ ஆகும். குழந்தைக்கு அதனால் ஒரு குறையும் வராது. தாளில் எழுதிய எண் அளவன்று, கையில் உள்ள துணியே அளவு. துண்டுகளை முதலிலேயே வெட்டிவிட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

முதல் தொகுதி தைத்ததும் நடுப்பட்டையை மட்டும் தனியே அளந்து பாருங்கள். இரு பக்கமும் தையல் போக அது சரியாக 2 அங்குலம் இருந்தால் உங்கள் நாடா சரியான இடத்தில் இருக்கிறது. குறைந்தால் நாடாவை ஒரு மயிரிழை ஊசிப் பக்கமாக நகர்த்துங்கள். தையலைத் திருப்பி மடிக்கையில் துணியின் கனமே சிறிது இடத்தை விழுங்குவதால், ¼ அங்குலத்துக்கு ஒரு நூலளவு குறைவாகத் தைப்பதே பெரும்பாலும் சரியாக வரும்.

வேறு இரண்டு செய்திகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தையல் நெருக்கமாக இருக்கவேண்டும். அங்குலத்துக்கு 10 முதல் 12 வரை. தைத்ததைக் குறுக்கே வெட்டப் போகிறோமாதலால், நெடுந்தையலாயின் வெட்டிய இடத்தில் பிரிந்துவிடும். அடுத்தது, முதல் தையலை மேலிருந்து கீழாகப் போட்டால் இரண்டாவதைக் கீழிருந்து மேலாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே திசையில் தைத்தால் தொகுதி வில்போல் வளையும். கையால் தைப்பவர்கள் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டு சிறு ஓட்டுத்தையலாகத் தைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை பின்தையல் ஒன்று போட்டால் இயந்திரத் தையலுக்குக் குறையாத உறுதி வரும்.

இஸ்திரி போடுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் தையலை மூடிய நிலையிலேயே அழுத்தி, பிறகு விரித்து, தையலோரம் இரண்டையும் அடர்ந்த நிறத்தின் பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். வெளிர் நிறத்தின் கீழ் சாய்ந்தால் நிழல்போல் தெரியும். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் பட்டை நீண்டுவிடும்.

சதுரம் வெட்டுவதற்குக் கனத்த அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம் கிடைத்தால் மிக நன்று. அச்சைத் துணியின் ஓரத்தோடு பொருத்தாமல், நடுவே செல்லும் தையற்கோட்டோடு பொருத்தி வையுங்கள். ஓரம் சற்றுக் கோணலாக இருந்தாலும் தையற்கோடு நேராயிருக்கும். வெட்டியபின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் அது சதுரம்.

இனி வேலையில் இன்பமான பகுதி. கட்டங்களைத் தரையில் பரப்புங்கள். முதல் கட்டத்தின் பட்டைகள் நெடுக்காக நிற்கட்டும், அடர்ந்த நிறம் இடப்பக்கம் இருக்கட்டும். அடுத்த கட்டத்தைக் கால்வட்டம் திருப்பி, பட்டைகள் கிடையாகவும் அடர்ந்த நிறம் மேற்பக்கமும் வரும்படி வையுங்கள். இவ்வாறு மாறி மாறி முதல் வரிசையை முடித்து, இரண்டாம் வரிசையைக் கிடைக் கட்டத்தில் தொடங்குங்கள். நான்கு வரிசைகள் பரப்புவதற்குள், அடர்ந்த நிறம் தன்னால் ஒன்றோடொன்று தொடர்ந்து, குளத்துப் படிக்கட்டுபோல் மூலையிலிருந்து மூலைக்கு இறங்கிச் செல்வதைக் காண்பீர்கள். எளிய மூன்று பட்டைகளில் இக்கோலம் ஒளிந்திருந்தது என்பதைப் பார்க்கும்போது எவருக்கும் மகிழ்ச்சி உண்டாகும். நெடுக்கும் கிடையும் அடுத்தடுத்து வருவதால், ஒரு கட்டத்தின் உட்தையல் அடுத்த கட்டத்தின் உட்தையலோடு பொருந்தவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. நான்கு கட்டங்கள் கூடும் மூலை ஒன்றைத்தான் கவனிக்கவேண்டும். வரிசையை முதலில் தைத்து, பின் வரிசைகளைச் சேருங்கள். ஒரு வரிசையின் தையலோரங்களை வலப்பக்கமும் அடுத்ததனுடையவற்றை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டிருந்தால், மூலைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும்.

மேற்பரப்பு ஆயிற்று. உட்புறத்தில் பிசிறு தெரிவதால் இதை அப்படியே போர்த்தலாகாது. அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் பழைய கம்பளி அல்லது இரண்டு மூன்று மடிப்பு வேட்டி, மேலே கட்டங்கள் என மூன்றையும் அடுக்கி, தரையில் சுருக்கமின்றி விரித்து, கைவிரிப்பு அகலத்துக்கு ஒன்றாகத் தற்காலிகத் தையல் போட்டு, பிறகு கட்டங்களின் கோடுகளை ஒட்டி ஓட்டுத்தையலால் பிணைக்கவேண்டும். பஞ்சு வைக்க விரும்புவோர், பஞ்சு கொட்டும் கடையில் மெல்லிய ஏடாக அடித்துத் தரச் சொல்லலாம். டில்லிக் குளிர் முழுவதையும் இது ஒன்றே தாங்கும் என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகைக்கும், மாசி பிறந்தபின் உள்ள இளங்குளிருக்கும் இது போதும். தையில் ரஜாயின் அடியில் உடம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும்.

எடுத்து வைத்த சேலைக் கரைகள் இப்போது பயன்படும். போர்வையின் சுற்றளவு 168 அங்குலம். மூன்று சேலைகளிலிருந்து 22 அங்குலக் கரை இரண்டிரண்டாக 132 அங்குலம் தேறும். அடியில் வைக்கும் துணி இன்னொரு சேலையாயின் அதன் கரையிலிருந்து எஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம். கரைகளை முனையோடு முனை மூட்டி ஒரே நாடாவாக்கி, நீளவாட்டில் இரண்டாக மடித்து, போர்வையின் ஓரம் அந்த மடிப்புக்குள் அடங்கும்படி வைத்துச் சுற்றிலும் தையுங்கள். மூலைகளில் மடிப்பைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு தையல் கூடுதலாகப் போடவேண்டும். குழந்தைகள் போர்வையைப் பிடித்து இழுப்பது எப்போதும் மூலையைத்தான்.